கிளப்பில் சறுக்கிய ஹெர்வே ரெனார்ட், தேசிய அணிகளோடு மட்டும் எப்படி ஜெயித்தார்?

நடுக்களம் (கேள்வி):

வணக்கம். இரண்டு நாளாக ஒரே விஷயம் மண்டையைக் குடைகிறது, அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். 2012 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டியை மறுபடி முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். ஐவரி கோஸ்ட் பக்கம் ட்ரோக்பா, யாயா டூரே, கோலோ டூரே, ஜெர்வினோ என்று ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் ஆடியவர்கள். ஜாம்பியா பக்கம் நம்மில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன் பெயர்கூடக் கேட்டிராத பையன்கள். 120 நிமிடம் 0-0. பெனால்டி ஷூட் அவுட்டில் 8-7 என்று ஜாம்பியா ஜெயித்தது, அவர்கள் வரலாற்றிலேயே முதல் தடவை.

ஜாம்பியாவின் கோச், அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ரெனார்ட்டைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். அப்புறம் அதே ஐவரி கோஸ்ட்டுக்குக் கோச்சாகப் போய் 2015ல் அவர்களுக்கும் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வெவ்வேறு நாடுகளோடு ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற முதல் கோச் அவர்தான். அப்புறம் மொராக்கோவை 20 வருடம் கழித்து உலகக் கோப்பைக்குக் கொண்டுவந்தார். 2022ல் சவுதி அரேபியாவை வைத்து அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்தார், அது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் இதே மனிதர் சொந்த நாடான பிரான்ஸில் சோஷோ கிளப்பில் இருந்தபோது அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. லீல் கிளப்பில் சில மாதங்கள்கூட முழுதாக நிற்க முடியவில்லை, 2015 நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். பாஷை தெரியாத, பழக்கம் தெரியாத ஊரில் ஜெயிக்கிறவர் தன் ஊரில் ஏன் தடுமாறுகிறார்? வெளியாள் ஒருவர் தேசிய அணிக்குள் வந்து அப்படி என்னதான் செய்கிறார்? என் அண்ணன் "ரெண்டு கோப்பையும் பெனால்டியில் வந்தது, அதிர்ஷ்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

---

பழையபந்து:

நண்பா, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

ரெனார்ட்டை 2012லிருந்து பார்த்தால் அதிர்ஷ்டம் மாதிரித்தான் தெரியும். அதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரராக அவர் பெரிய பெயர் எடுத்தவர் இல்லை, கான் கிளப்பில் தொடங்கி சின்ன அணிகளில் ஆடி முடித்தவர். அதற்குப் பிறகு கட்டிடங்களைச் சுத்தம் செய்யும் வேலை. விடியற்காலையில் எழுந்து துடைப்பமும் குப்பைத்தொட்டியுமாக வேலை, சாயங்காலம் டிராகினான் என்ற சின்ன கிளப்பில் கோச்சிங். இப்படிப் பல வருடங்கள். பின்னால் சொந்தமாகவே ஒரு துப்புரவு நிறுவனம் வைத்தார். இதை யாரோ அவர் மேல் ஒட்டிவைத்த கதை என்று நினைக்க வேண்டாம், அவரே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்கிற விஷயம்தான்.

அவரைத் தூக்கிவிட்டவர் க்ளோட் லெ ருவா. 1988ல் கேமரூனுக்கு ஆப்பிரிக்கக் கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர். லெ ருவா சீனாவில் ஷாங்காய்க்குப் போனபோது உதவியாளராக இவரையும் கூட்டிக்கொண்டு போனார், அப்புறம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் யுனைடெட். அங்கே ரெனார்ட் தலைமைக் கோச்சாக இருந்தது சில மாதங்கள்தான், அதுவும் சரியாகப் போகவில்லை. கானாவில் மறுபடி லெ ருவாவுக்கு உதவியாளர், 2008 ஆப்பிரிக்கக் கோப்பையில் கானா மூன்றாவது இடம். அதற்குப் பிறகுதான் ஜாம்பியா. அப்போது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை, கையில் ஒரு கோப்பையும் இல்லை.

முக்கியமான விஷயம் இதுதான்: ஜாம்பியாவுக்கு அவர் இரண்டு தடவை போனார். முதல் தடவை 2008லிருந்து 2010 வரை. 2010 ஆப்பிரிக்கக் கோப்பையில் கேமரூன் இருந்த குரூப்பில் ஜாம்பியா முதலிடம் பிடித்து, காலிறுதியில் நைஜீரியாவிடம் தோற்றது. எப்படித் தோற்றது தெரியுமா? பெனால்டி ஷூட் அவுட்டில்! உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அங்கோலா, அல்ஜீரியாவில் ஒரு கிளப் என்று அலைந்துவிட்டு 2011 அக்டோபரில் திரும்பி வந்தார். நான்கு மாதத்தில் கோப்பை. நான்கு மாதத்தில் வந்தது என்பதைவிட, 2008ல் விதைத்தது 2012ல் முளைத்தது என்று சொல்வதுதான் நியாயம். கேப்டன் கட்டோங்கோ, கோல்கீப்பர் முவீனே, கலாபா எல்லாம் அவருக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த பையன்கள்.

அந்த இறுதிப் போட்டி நடந்த ஊரையும் மறக்கக் கூடாது. காபோனின் தலைநகர் லிப்ரவில். 1993 ஏப்ரலில் ஜாம்பியா அணி போன ராணுவ விமானம் அந்த ஊர்க் கடலில்தான் விழுந்தது. செனகலோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 18 வீரர்கள் உட்பட 30 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அணியின் நட்சத்திர வீரர் கலூஷா ப்வால்யா ஐரோப்பாவில் கிளப் ஆடிக்கொண்டிருந்ததால் அந்த விமானத்தில் இல்லை. 2012ல் ஜாம்பியா கால்பந்து சங்கத் தலைவர் அவர்தான். அந்தத் தொடர் முழுக்க ஜாம்பியா பக்கத்து நாடான ஈக்வடோரியல் கினியாவில்தான் ஆடியது, லிப்ரவில்லுக்கு வர வேண்டும் என்றால் இறுதிப் போட்டிக்கு வந்தாக வேண்டும். வந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வீரர்கள் கடற்கரைக்குப் போய்ப் பூ வைத்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தத் துக்கத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அதற்கு இடம் கொடுத்து, அதைப் பாரமாக்காமல் பையன்களை மைதானத்தில் இறக்க முடியும். அதைச் செய்தார்.

---

ஆஃப்சைடுகோடு:

பழையபந்து சார் எழுதியதைப் படித்து எனக்கும் கண் கலங்கியது, ஆனாலும் எதிர்ப்பக்கம் ஒருவர் பேச வேண்டும்.

2012 தொடருக்கு ஜாம்பியாவைத் தகுதி பெற வைத்தவர் ரெனார்ட் இல்லை. டாரியோ போனெட்டி என்ற இத்தாலியர். தகுதி வாங்கிக் கொடுத்த சில நாட்களிலேயே அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். கோப்பை வந்த பிறகு அவர் பெயரை யாராவது சொன்னார்களா? இறுதிப் போட்டியில் 70வது நிமிடம் வாக்கில் ட்ரோக்பா பெனால்டியை மேலே அடிக்காமல் இருந்திருந்தால் இன்று இந்தத் திரியே இல்லை. அந்தத் தொடரில் ஐவரி கோஸ்ட் ஆட்ட நேரத்தில் ஒரு கோல்கூட வாங்காமலேயே கோப்பையை இழந்தது, அவர்களின் கோச் ஜாவி உள்ளூர்க்காரர், நல்ல வேலை செய்தவர், அவரையும் சீக்கிரமே மறந்துவிட்டோம்.

என் மனத்தாங்கல் ரெனார்ட் மேல் இல்லை. வெளிநாட்டுக் கோச் என்றாலே மந்திரவாதி வந்த மாதிரி பேசுகிற பழக்கத்தின் மேல்தான். எகிப்துக்காரர் ஹசன் ஷெஹாதா 2006, 2008, 2010 என்று தொடர்ந்து மூன்று தடவை ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றார். மூன்று! 2022 உலகக் கோப்பைக்கு வந்த ஐந்து ஆப்பிரிக்க அணிகளுக்கும் ஆப்பிரிக்கக் கோச்கள்தான், அதில் வாலித் ரெக்ராகுயின் மொராக்கோ அரையிறுதி வரை போனது, அந்தக் கண்டத்திலிருந்து வேறு எந்த அணியும் அவ்வளவு தூரம் போனதில்லை. உலகக் கோப்பையை எடுத்துக்கொண்டால் 1930லிருந்து 2022 வரை வென்ற ஒவ்வொரு அணிக்கும் சொந்த நாட்டுக் கோச்தான். இறுதிப் போட்டி வரை வந்த வெளியாட்களே இரண்டு பேர், 1958ல் ஸ்வீடனோடு வந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் ரேனர், 1978ல் நெதர்லாந்தோடு வந்த ஆஸ்திரியர் எர்ன்ஸ்ட் ஹாப்பல்.

இன்னொன்று கேளுங்கள். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐவரி கோஸ்ட் தன் சொந்த மண்ணில் ஈக்வடோரியல் கினியாவிடம் 4-0 என்று தோற்றது, கோச் காசேயை நீக்கினார்கள். அப்போது ரெனார்ட் பிரான்ஸ் பெண்கள் அணியோடு இருந்தார். அவரை அந்தத் தொடருக்கு மட்டும் இரவல் கொடுங்கள் என்று ஐவரி கோஸ்ட் கேட்டது, பிரான்ஸ் மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் உதவிக் கோச் எமர்ஸ் ஃபாயேவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதற்கு முன் எந்த சீனியர் அணிக்கும் தலைமைக் கோச்சாக இருக்காதவர். அவர்தான் கோப்பையை வென்று கொடுத்தார்! பக்கத்திலேயே இருந்த ஆளைக் கண்ணில் படாமல் தூரத்து ஆளைத் தேடியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

---

நடுக்களம்:

போனெட்டி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நன்றி. ஆனால் கிளப்புக்கும் தேசிய அணிக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் இன்னும் தொடவில்லையே?

---

இடதுகால்:

அதற்கு நான் முயற்சி செய்கிறேன். 15 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பல வருடமாகக் கோச்சிங் கொடுக்கிறேன். பெரிய லெவல் இல்லை, ஆனால் வாரம் முழுக்கச் சேர்ந்து இருக்கும் அணியும், ஒரு தொடருக்காக நாலு இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்க்கும் அணியும் எவ்வளவு வேறு என்பது அனுபவத்தில் தெரியும்.

கிளப்பில் தினமும் பயிற்சி. ஒரு தடவை ஆவேசமாகப் பேசினால் வேலை செய்யும், இரண்டாம் தடவையும் செய்யும், நவம்பர் மாதத்து மழையில் பதினைந்தாவது தடவை பேசும்போது பையன்கள் தரையைப் பார்ப்பார்கள். அங்கே வேண்டியது சலிக்காத வழக்கம், ஆள் வாங்குவது விற்பது, காயம்பட்டவனுக்குப் பதில் யார் என்று மாதக்கணக்கில் கணக்குப் போடுவது. தேசிய அணியில் கைக்குக் கிடைப்பது சில நாட்கள். வீரர்கள் களைத்து வருவார்கள், ஒருவன் தன் கிளப்பில் நட்சத்திரம், இன்னொருவன் பெஞ்சில் உட்காருகிறவன். இவர்களை நான்கு நாளில் ஒரே அணியாக்க வேண்டும். நிறையச் சொல்லிக்கொடுக்க நேரமே இல்லை, இரண்டு மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி அதை நம்ப வைக்க வேண்டும். ரெனார்ட்டின் பலம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெளியாள் என்பதற்கும் ஒரு லாபம் உண்டு. எந்த ஊர், எந்தக் கிளப், யார் மாமா யார் மச்சான் என்ற கணக்கு அவருக்கு இல்லை. பெரிய பெயருள்ள வீரனை உட்கார வைத்தால், உள்ளூர்க் கோச்சுக்கு வீட்டு வாசல் வரை சண்டை வரும். வெளியாளுக்கும் திட்டு விழும், ஆனால் அவர் மனைவி மக்களோடு அந்தத் தெருவில் காலத்துக்கும் வாழப்போவதில்லை.

சவுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 22, லுசைல். 10வது நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்டியில் கோல். சாதாரணமாக ஒரு சின்ன அணி அங்கேயே பின்வாங்கி கோல் போஸ்ட் முன்னால் கூட்டம் போட்டு நிற்கும். ரெனார்ட் தடுப்பு வரிசையைக் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை மேலே ஏற்றி வைத்திருந்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அது, ஒருவன் அரை அடி பிசகினாலும் பின்னால் வெட்டவெளி. அர்ஜென்டினா முதல் பாதியில் இன்னும் மூன்று தடவை பந்தை வலைக்குள் தள்ளியது, மூன்றும் ஆஃப்சைடு, அதாவது பந்து வரும் நேரத்தில் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்றதால் செல்லாத கோல்கள். கத்திமுனையில் நடந்த மாதிரிதான், ஆனால் நடந்தார்கள். இதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்த அணியில் 26 பேரும் சவுதி லீக்கில் ஆடுகிறவர்கள், அதிலும் நிறையப் பேர் அல் ஹிலால் என்ற ஒரே கிளப். உலகக் கோப்பைக்கு முன் லீக்கை நிறுத்திவிட்டு நீண்ட முகாம் போட முடிந்தது. அதாவது அங்கே அவருக்கு ஒரு கிளப் கோச்சுக்குக் கிடைக்கிற நேரமும் கிடைத்தது, தேசிய அணிக்கே உரிய வெறியும் கிடைத்தது.

இடைவேளையில் அவர் பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மெஸ்ஸி பந்தோடு வரும்போது நீங்கள் சும்மா நிற்கிறீர்கள், வேண்டுமானால் போனை எடுத்து அவரோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கத்துவார். எனக்கு அதில் பிடித்தது பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர். அதே வேகம், அதே குரல், அரபியில் அப்படியே இறக்குகிறார். வெளிநாட்டுக் கோச்சின் பாதி வேலை அந்த மனிதர் வாயில் இருக்கிறது, அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. இடைவேளை முடிந்த சில நிமிடத்தில், 48ல் அல் ஷெஹ்ரி, 53ல் அல் தவ்சாரி. 36 ஆட்டமாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினா தோற்றது. மறுநாள் சவுதியில் பொது விடுமுறை விட்டார்கள்.

சோஷோவுக்கும் ஒரு வார்த்தை. அவர் போனபோதே அந்த அணி பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு வந்து, பிழைக்க வேண்டிய கடைசி ஆட்டத்தில் எவியானிடம் 3-0 என்று தோற்றார்கள். அதைத் தோல்வி என்று சொல்லலாம், கையாலாகாத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

---

மூன்றாம்கோல்:

எல்லோரும் மொராக்கோவை வேகமாகத் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அவருடைய சிறந்த வேலை அதுதான். 2018 தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் ஆறு ஆட்டம், ஒரு கோல்கூட வாங்கவில்லை. கடைசி ஆட்டம் அபிஜானில், எதிரணி ஐவரி கோஸ்ட், அதாவது இரண்டரை வருடம் முன்பு அவரே கோப்பை வாங்கிக் கொடுத்த நாடு. 2-0 என்று ஜெயித்து 1998க்குப் பிறகு முதல் தடவையாக உலகக் கோப்பைக்குப் போனார்கள்.

அந்த 23 பேரில் 17 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள், நெதர்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், பெல்ஜியம் என்று. ஒரே உடைமாற்றும் அறையில் நாலைந்து பாஷை. அங்கே எல்லோருமே ஒரு வகையில் பாதி வெளியூர்க்காரர்கள், அதனால் கோச் வெளியாள் என்பது பெரிய விஷயமாகவே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

ரஷ்யாவில் முடிவு கொடுமை. ஈரானோடு 90 நிமிடம் முடிந்து கொடுத்த கூடுதல் நிமிடங்களில் 5வது நிமிடத்தில் சேம் சைடு கோல், 1-0. போர்ச்சுகலிடம் 1-0, அதில் மொராக்கோ ஆடிய ஆட்டத்துக்கு அது நியாயமே இல்லை. ஸ்பெயினோடு 2-2. குரூப்பில் கடைசி இடம். ஆனால் அந்த மூன்று ஆட்டத்தையும் பார்த்தவர்களுக்கு 2022 அவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது, சியெக், ஹக்கிமி, அம்ரபாத், பூனூ எல்லோரும் 2018 அணியிலேயே இருந்தவர்கள்.

2019ல் வேறு மாதிரி வலி. ஆப்பிரிக்கக் கோப்பையில் பெனினோடு கடைசி நிமிடத்தில் பெனால்டி, சியெக் கம்பத்தில் அடித்தார், பிறகு ஷூட் அவுட்டில் தோல்வி. ஆக, நடுக்களம், பெனால்டிகள் அவருக்குக் கொடுத்தும் இருக்கின்றன, பிடுங்கியும் இருக்கின்றன. 2023 பெண்கள் உலகக் கோப்பைக் காலிறுதியிலும் பிரான்ஸ் ஆஸ்திரேலியாவிடம் ஷூட் அவுட்டில் 7-6 என்றுதான் தோற்றது.

வெளிநாட்டுக் கோச்சின் வாழ்க்கை எவ்வளவு நிலையில்லாதது என்று பார்க்க வேண்டும் என்றால் ரெனார்ட்டை விட வாஹித் ஹலில்ஹோட்சிச்சைப் பாருங்கள். 2010ல் ஐவரி கோஸ்ட், 2018ல் ஜப்பான், 2022ல் மொராக்கோ, மூன்று நாடுகளிலும் உலகக் கோப்பைக்குச் சில மாதங்கள் முன்னால் அவரை நீக்கினார்கள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையை மாற்றுவது மாதிரி, மூன்று தடவை. மொராக்கோவில் அவருக்குப் பதில் வந்தவர்தான் ரெக்ராகுய்.

---

ஆஃப்சைடுகோடு:

மூன்றாம்கோல், 2018க்கும் 2022க்கும் உள்ள தொடர்ச்சியை ஒத்துக்கொள்கிறேன், நான் ரெக்ராகுயைத் தனியாகப் பிரித்துப் பேசியது சரியில்லை. இடதுகால் சொன்ன மாமன் மச்சான் கணக்கும் உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது மட்டும்தானா? உள்ளூர்க் கோச்சுக்கு நான்கு வருடம் பொறுமையாக நேரம் கொடுத்துப் பார்க்கலாமே. ரெனார்ட்டுக்கே ஜாம்பியாவில் இரண்டாம் வாய்ப்பு கிடைத்த பிறகுதானே பலித்தது. அந்த இரண்டாம் வாய்ப்பை போனெட்டிக்கோ, ஜாவிக்கோ யார் கொடுத்தார்கள்?

---

பழையபந்து:

ஆஃப்சைடுகோடு, இந்தக் கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. முழுக்க நியாயம்.

ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். 2015 இறுதிப் போட்டி, கானாவோடு, 0-0, ஷூட் அவுட் 9-8. முதல் இரண்டு உதையையும் ஐவரி கோஸ்ட் வீணடித்தது. கடைசியில் ஜெயிக்க வைத்தது கோல்கீப்பர் பூபக்கர் பாரி, கானா கோல்கீப்பர் அடித்ததைத் தடுத்துவிட்டு அடுத்த உதையைத் தானே போய் அடித்தார். அவர் அந்தத் தொடரில் வழக்கமான கோல்கீப்பர் இல்லை, முதல் கீப்பருக்கு அடிபட்டதால் இறுதிப் போட்டிக்கு மட்டும் உள்ளே வந்தவர். அத்தனை வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த 35 வயது மனிதர் அந்த இரவில் தயாராக இருந்தாரே, அதையும் கோச்சின் கணக்கில் கொஞ்சம் எழுதுங்கள்.

---

நடுக்களம்:

எல்லோருக்கும் நன்றி, அண்ணனையும் படிக்க வைத்துவிட்டேன். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்று சொன்னார், அவர் வாயிலிருந்து அது வருவதே பெரிய விஷயம்.

இதைப் படித்த பிறகு 2012 ஆட்டத்தின் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். ஜாம்பியா தடுப்பாட்டக்காரர் ஜோசப் முசோண்டா ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அடிபட்டு அழுதுகொண்டே வெளியே போனார் இல்லையா, நான் முதல் தடவை அவரை அதோடு மறந்துவிட்டேன். சுன்சு கடைசிப் பெனால்டியை அடித்ததும் எல்லோரும் ஓடுகிறார்கள், முசோண்டாவால் நடக்க முடியவில்லை. ரெனார்ட் அவரைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, வீரர்கள் கும்பலாக இருந்த இடம் வரை கொண்டுபோய் நடுவில் இறக்கிவிடுகிறார்.

2010 காலிறுதி, நைஜீரியாவோடு ஆடியது, முழு ஆட்டமாக யாரிடமாவது இருக்கிறதா? ஹைலைட்ஸ் வேண்டாம். அவருடைய முதல் ஜாம்பியா அணியை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.